இரண்டு விலை நிலவும் நாட்டில் பணம் மாற்றுவது எப்படி: புறப்படும் முன்பிருந்து திரும்பும் நாள் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு நாட்டின் மத்திய வங்கி டாலருக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. அதே நாட்டின் கடைவீதியில் அதே டாலர் வேறொரு விலைக்குக் கைமாறுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில நாடுகளில் இரண்டு மூன்று விழுக்காட்டோடு நின்றுவிடும். சில நாடுகளில், சில காலங்களில், அது பல மடங்காக விரிந்திருக்கிறது. லெபனானில் 2023 ஜனவரி பிற்பகுதியில் ஒரு டாலரின் அதிகாரபூர்வ விலை 1,507.5 பவுண்டாகவே இருந்தது. சந்தையிலோ அது 50,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. அந்த நாள்களில் அதிகாரபூர்வ விலையில் கணக்கிடும் ஏதேனும் ஒரு வழியில் விவரம் அறியாமல் பணம் செலுத்திய பயணி, ஒரு டாலர் பெறுமான உணவுக்கு முப்பது டாலருக்கு மேல் கொடுத்திருப்பார். இத்தகைய நாட்டுக்குச் செல்பவர் விமானச் சீட்டையும் விசாவையும் திட்டமிடுவதைப் போலவே பணத்தையும் ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே திட்டமிட வேண்டும். இறங்கிய பிறகு யோசிப்பவருக்கு வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன.

இரண்டு விலை எப்படி உருவாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் அறிவுரைகள் பலவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு குறையும்போது, நாணயத்தின் மதிப்பைச் சரியவிட விரும்பாத அரசு ஒரு விலையை நிர்ணயித்து, அந்த விலையில் டாலர் யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று வரம்பு விதிக்கிறது. வரம்புக்குள் வராத இறக்குமதியாளர், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் அனுப்ப வேண்டிய பெற்றோர், பணவீக்கத்தில் சேமிப்பு கரைந்துபோகாமல் காக்க நினைக்கும் சாதாரணக் குடும்பத்தினர் ஆகியோர் வங்கிக்கு வெளியே கூடுதல் விலை கொடுத்து டாலரைத் தேடுகின்றனர். பயணியின் கையிலிருக்கும் நூறு டாலர் தாளை வாங்குபவர் இறுதியில் அவர்களுக்குத்தான் அதை விற்கிறார். அந்தத் தாள் பல ஆண்டுகள் ஒரு வீட்டு அலமாரியில் சேமிப்பாகக் கிடக்கப்போகிறது. பெரிய மதிப்புத் தாளுக்கும் மடிப்பில்லாத தாளுக்கும் இச்சந்தைகளில் தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

முதல் படி: சட்டம் என்ன சொல்கிறது என்று அறிதல்

இரண்டு விலை நிலவும் நாடுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழை. சில நாடுகளில் உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையங்களே சந்தை விலையில், சட்டப்படி, பணம் மாற்றித் தருகின்றன. அங்கே தெருவுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. வேறு சில நாடுகளில் சட்டம் தடைசெய்தாலும் நடைமுறையில் அது கண்டுகொள்ளப்படுவதில்லை. அர்ஜெண்டினாவின் தலைநகர் புவனெஸ் ஐரிஸின் புளோரிடா வீதியில் டாலர் வாங்குவதாகக் கூவி நிற்பவர்களை உள்ளூர் மக்கள் 'அர்போலித்தோ', அதாவது சிறு மரம், என்று அழைப்பார்கள். அவர்கள் அழைத்துச் செல்லும் மறைவான அலுவலகத்துக்குக் 'குவேவா', அதாவது குகை, என்று பெயர். அந்தச் சந்தையின் விலையை நாட்டின் நாளிதழ்கள் அன்றாடம் வெளிப்படையாக அச்சிட்டுவந்தன. அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் உள்ள போர்ட் சயீத் சதுக்கத்திலும் நெடுங்காலமாக யூரோ கட்டுகள் பட்டப்பகலில் கைமாறிவந்தன. மூன்றாவது வகை நாடுகளில் அங்கீகாரமற்ற இடத்தில் பணம் மாற்றுவது சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். வெனிசுவேலாவில் சந்தை விலையை வெளியிட்டவர்களே கைது செய்யப்பட்டதுண்டு.

கண்டுகொள்ளாமல் விடுவது என்பது அனுமதி அன்று. அதிகாரிகள் திடீரெனச் சோதனை நடத்தும் நாளில் சிக்கும் வெளிநாட்டவருக்கு, "எல்லோரும் செய்கிறார்களே" என்பது எந்த வகையிலும் உதவாது. ஆகவே செல்லவிருக்கும் நாட்டின் மத்திய வங்கி இணையதளத்தையும், உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகம் வெளியிடும் பயண அறிவுரையையும் படித்து, தனிநபர் பணம் மாற்றுவது பற்றிய இன்றைய விதி என்ன என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 'இன்றைய' என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். அர்ஜெண்டினாவில் 2011-இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 2015 டிசம்பரில் நீக்கப்பட்டது, 2019 செப்டம்பரில் மீண்டும் வந்தது, 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்குப் பெருமளவு தளர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்று வந்தவரின் அனுபவம் இன்று உங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். மூன்றாவது வகை நாடு என்று தெரிந்தால் என் கருத்து ஒன்றே: அதிகாரபூர்வ விலையின் இழப்பைப் பயணச் செலவின் ஒரு பகுதியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாம் படி: உண்மையான இடைவெளியைக் கணக்கிடுதல்

தேடுபொறிகளிலும் நாணய மாற்றுச் செயலிகளிலும் தெரிவது பெரும்பாலும் அதிகாரபூர்வ விலைதான். சந்தை விலையை அறிய உள்ளூர் நாளிதழ்களின் பொருளாதாரப் பக்கம், அந்நாட்டில் வசிப்பவர்கள், தங்கப்போகும் விடுதியின் உரிமையாளர் ஆகிய மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு இடத்தில் கேட்ட விலையை நம்ப வேண்டாம். வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண்கள் சொல்லப்பட்டால், டாலரை அவர்கள் உங்களிடமிருந்து வாங்கும் விலை எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது இரண்டில் குறைந்த எண்ணாகவே இருக்கும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு டாலருக்கு அதிகாரபூர்வ விலை 100, சந்தை விலை 130 என்று கொள்வோம். பயணம் முழுவதற்கும் உள்ளூர் நாணயத்தில் 65,000 தேவை என்றால், அதிகாரபூர்வ வழியில் 650 டாலரும் சந்தை வழியில் 500 டாலரும் செலவாகும். இடைவெளி 30 விழுக்காடு என்று பேசப்பட்டாலும் மிச்சமாவது 650-இல் 150, அதாவது 23 விழுக்காடுதான். அதேபோல் இடைவெளி 100 விழுக்காடு என்றால் மிச்சம் பாதி. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பேச்சில் வரும் விழுக்காடு எப்போதும் கையில் மிஞ்சும் விழுக்காட்டைவிடப் பெரியது. இடைவெளி ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், 500 டாலர் செலவுக்கு 25 டாலர்கூட மிஞ்சாது. அதற்காகக் கள்ளநோட்டு, திருட்டு, சட்டச் சிக்கல் ஆகிய மூன்றையும் தோளில் ஏற்றிக்கொள்வது அறிவுடைமை ஆகாது. அங்கே வங்கிக்கோ ஏடிஎம்முக்கோ செல்லுங்கள்.

மூன்றாம் படி: எந்தச் செலவு எந்த விலையில் விழுகிறது என்று பிரித்தல்

சந்தை விலையில் மாற்றினால் எல்லாமே மலிவாகிவிடும் என்ற எண்ணம் பாதி உண்மை மட்டுமே. நாணயம் வேகமாகச் சரியும் நாடுகளில் விடுதி, சுற்றுலா, உள்நாட்டு விமானம் போன்றவற்றின் விலை டாலரிலேயே குறிக்கப்படும். அந்தத் தொகையை உள்ளூர் நாணயத்தில் கட்டலாமா, கட்டலாம் என்றால் எந்த விலையில் மாற்றிக் கணக்கிடுவார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவர்கள் அதிகாரபூர்வ விலையில் கணக்கிட்டால் உள்ளூர் நாணயத்தில் கட்டுவது உங்களுக்கு இலாபம். சந்தை விலையில் கணக்கிட்டால் டாலராகவே கொடுப்பதும் மாற்றிக் கொடுப்பதும் ஒன்றுதான். வீணாக மாற்ற வேண்டாம். சில நாடுகள் வெளிநாட்டவர் விடுதிக் கட்டணத்தை அந்நிய நாணயத்தில்தான் செலுத்த வேண்டும் என்றோ, வங்கியில் மாற்றிய ரசீதைக் காட்ட வேண்டும் என்றோ விதி வைத்திருக்கும். ஆக, உணவு, பேருந்து, வாடகைக் கார், நுழைவுச் சீட்டு, கடைச் சாமான் என்று உள்ளூர் நாணயத்தில் மட்டுமே நடக்கும் செலவுகளைத் தனியாகக் கூட்டினால் கிடைக்கும் தொகைதான் நீங்கள் மாற்ற வேண்டிய தொகை. அது பெரும்பாலும் முதலில் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

நான்காம் படி: சந்தை விலையைத் தரும் சட்டபூர்வ வழிகளைத் தேடுதல்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுவே என்று கருதுகிறேன். தெருவுக்குப் போகும் முன் மூன்று கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

முதலாவது, வெளிநாட்டு அட்டைகளுக்கான சிறப்பு விலை. இடைவெளி பெரிதாகும்போது பயணிகள் வங்கியைத் தவிர்ப்பதால் அரசுக்கு டாலர் வருவதில்லை. எனவே சில அரசுகள் பயணிகளின் அட்டைகளுக்குச் சந்தையை ஒட்டிய விலையை அனுமதிக்கின்றன. அர்ஜெண்டினா 2022 இறுதியில் இவ்வாறு செய்தபோது, கட்டு கட்டாக நோட்டு சுமக்க வேண்டிய கட்டாயம் பல பயணிகளுக்கு நீங்கியது. அட்டையை முதலில் ஒரு சிறிய தொகைக்குப் பயன்படுத்தி, வங்கிக் கணக்கில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் உங்களுக்குக் கிடைத்த விலை தெரிந்துவிடும். கடைக்காரரின் இயந்திரமோ ஏடிஎம்மோ "உங்கள் சொந்த நாணயத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் விலையை நிர்ணயிப்பவர் அந்த இயந்திரத்தை வைத்திருப்பவராகிவிடுவார்.

இரண்டாவது, பணம் அனுப்பும் நிறுவனங்கள். வெஸ்டர்ன் யூனியன் போன்றவற்றின் வழியே உங்கள் பெயருக்கே நீங்கள் பணம் அனுப்பிக் கடவுச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். அர்ஜெண்டினாவில் இடைவெளி பெரிதாக இருந்த ஆண்டுகளில் இந்நிறுவனம் சந்தை விலைக்கு நெருங்கிய விலையைத் தந்தது. அனுப்பும் முன்பே எவ்வளவு கிடைக்கும் என்று திரையில் தெரிவதால் இது ஒப்பிடுவதற்கும் எளிது. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் கிடைக்காமல் போகலாம். பெரிய தொகை சிறிய கிளையில் இருப்பில் இல்லாமல் போகலாம் என்பதால் பகுதி பகுதியாக அனுப்புவது நல்லது.

மூன்றாவது, உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையங்கள். ஈரானில் 'சராஃபி' எனப்படும் இந்நிலையங்கள் வங்கியைவிடக் கூடுதல் விலை தருபவை. பன்னாட்டுத் தடைகளால் அங்கே வெளிநாட்டு அட்டை எதுவும் வேலை செய்யாது. ஆகையால் பயணம் முழுவதற்குமான ரொக்கத்தைக் கையோடு கொண்டுசெல்வதைத் தவிர வழியில்லை. அங்கே இன்னொரு கண்ணியும் உண்டு: நோட்டில் ரியால் என்று அச்சிட்டிருக்க, மக்கள் தோமான் கணக்கில் பேசுவார்கள், ஒரு தோமான் பத்து ரியால்.

கிரிப்டோ நாணயத்தை அறிமுகமற்றவருடன் நேரடியாக மாற்றிக்கொள்வதைச் சிலர் நான்காவது கதவாகச் சொல்வார்கள். எதிர்த்தரப்பில் வருவது மோசடிப் பணமா என்று அறிய உங்களுக்கு வழியில்லை, அதன் விளைவாக உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம். குறுகிய பயணத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: கொண்டுசெல்லும் ரொக்கத்தைத் தயார்செய்தல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஓரளவு டாலரோ யூரோவோ ரொக்கமாக இருப்பது அவசியம். நூறு டாலர் தாள்களுக்கே முழு விலை கிடைக்கும். இருபது, பத்து டாலர் தாள்களுக்குக் குறைத்துத் தருவார்கள். ஆனால் முழுவதும் நூறாகவே வைத்துக்கொண்டால், விசாக் கட்டணத்துக்கும் கடைசி நாளின் சிறு தேவைக்கும் நூறு டாலரை உடைக்க வேண்டிவரும். எனவே ஐந்தும் பத்தும் இருபதுமாக ஒரு சிறு கட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் நிலை மிகவும் முக்கியம். மியான்மரில் லேசான மடிப்பும் பேனாக் கோடும் வங்கி முத்திரையும் உள்ள தாளைக்கூட மறுப்பார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். அமெரிக்க அரசு தன் பழைய தாள்களையும் செல்லுபடியாகும் என்றே ஏற்கிறது. இருந்தாலும் 1996-க்கு முந்தைய சிறிய உருவப்படம் கொண்ட நூறு டாலர் தாளை வெளிநாட்டுச் சந்தைகள் தயங்கியே வாங்கும். 2013 அக்டோபரில் வெளிவந்த, நடுவில் நீலப் பட்டை கொண்ட தாள்களையே வங்கியில் கேட்டு வாங்குங்கள். அவற்றை மடிக்காமல், விறைப்பான அட்டைகளுக்கு நடுவே உறையிலிட்டு வையுங்கள்.

சுங்க விதியையும் இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்குள் வரும்போதும் அங்கிருந்து செல்லும்போதும் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவிலிருந்தே அறிவிக்க வேண்டும். இரண்டு விலை நிலவும் நாடுகள் பலவற்றில் வரம்பு இதைவிடக் குறைவு. சில நாடுகளில் நுழையும்போது கையிலுள்ள நாணயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியேறும்போது மிச்சமுள்ளதை அந்தப் படிவத்தோடு ஒப்பிடுவார்கள். எழுதியதைவிடக் கூடுதலாகக் கையில் இருந்தால் பறிமுதலாகலாம். பெருந்தொகை குறைந்து, அதற்கு வங்கி ரசீதும் இல்லையென்றால் கேள்வி எழும். படிவத்தில் உண்மையை எழுதி, முத்திரையிட்ட நகலைக் கடவுச்சீட்டோடு பத்திரப்படுத்துங்கள்.

ஆறாம் படி: மாற்றும் இடத்தில் நடந்துகொள்ளும் முறை

விமான நிலையத்தில் முதல் நாளுக்குத் தேவையான சிறு தொகையை மட்டும் மாற்றுங்கள். வந்து இறங்கிய களைப்பில், நாணயத்தின் தாள்கள் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாத நேரத்தில், பெரிய தொகையை மாற்றுவது ஏமாறுவதற்கு அழைப்பு விடுப்பதாகும். முதல் மாலையிலேயே கடைகளில் சிறு பொருள்கள் வாங்கி, ஒவ்வொரு மதிப்புத் தாளின் நிறம், படம், அளவு ஆகியவற்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வழக்கொழிந்த நோட்டைத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். வெனிசுவேலா தன் நாணயத்திலிருந்து 2008-இல் மூன்று, 2018-இல் ஐந்து, 2021-இல் ஆறு என்று சுழியங்களை நீக்கியது. பழைய தாளின் பெரிய எண்ணைக் கண்டு மயங்கும் அயலார் எளிதில் ஏமாறுவர். கியூபாவில் 2021 ஜனவரி முதல் நாளில் ஒழிக்கப்படும் வரை இரண்டு பெசோக்கள் புழங்கின. ஒன்றின் மதிப்பு மற்றொன்றைப் போல் 24 மடங்கு, ஆனால் இரண்டிலும் பெசோ என்றே அச்சிட்டிருந்தது. செல்லும் நாட்டில் இன்று செல்லுபடியாகும் தாள்களின் படங்களை மத்திய வங்கி இணையதளத்திலிருந்து கைபேசியில் சேமித்துக்கொண்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும்.

மாற்றுவது நான்கு சுவருக்குள், நிலையான முகவரியுள்ள இடத்தில் நடக்க வேண்டும். நடைபாதையில் தோளைத் தட்டி நல்ல விலை சொல்பவரை மறுத்து நடந்துகொண்டே இருங்கள். எல்லோரையும்விட மிக உயர்ந்த விலையைச் சொல்பவர் அந்த விலையைத் தரப்போவதில்லை. தனியாகச் செல்லாதீர்கள், மாற்றப்போகும் தொகையை மட்டும் ஒரு பையில் எண்ணி எடுத்துச் செல்லுங்கள், மற்றதை அங்கே வெளியே எடுக்காதீர்கள்.

எண்ணும் வரிசையில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. முதலில் விலையையும் மொத்தத் தொகையையும் கைபேசியில் கணக்கிட்டு இருவரும் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். கமிஷன் உண்டா என்று கேளுங்கள். அடுத்து அவர் தரும் பணத்தை நீங்களே, உங்கள் கையால், ஒவ்வொரு தாளாக எண்ணுங்கள். நடுவில் மடித்துச் செருகிய தாள் இரண்டாக எண்ணப்படும் என்பதால் கட்டைப் பிரித்து எண்ணுங்கள். எண்ணி முடித்த பணம் உங்கள் கையைவிட்டு ஒரு நொடியும் போகக் கூடாது. "ஒரு தாள் குறைகிறது, கொடுங்கள், சரிசெய்கிறேன்" என்று அவர் வாங்கித் திருப்பித் தந்தால், கட்டின் மேல்பகுதி கூடியும் அடிப்பகுதி குறைந்தும் வந்திருக்கலாம். மீண்டும் முதலிலிருந்து எண்ணுங்கள். கடைசியில்தான் டாலரைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் தாள்களின் வரிசை எண்களைப் படமெடுத்து வைத்திருப்பது நல்லது, ஏனெனில் உங்கள் நல்ல தாளை மறைத்துவிட்டுக் கள்ளத்தாளைக் காட்டி "இது செல்லாது" என்று திருப்பித் தருவதும் நடக்கும் மோசடியே. எந்தக் கட்டத்திலும் ஆள் மாறினாலோ, காவலர் வருகிறார் என்று அவசரப்படுத்தினாலோ, பேசிய விலை குறைந்தாலோ, உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுங்கள்.

நீங்களே டாலரைத் திரும்ப வாங்க நேர்ந்தால், 2013 வடிவத் தாளைச் சாய்த்துப் பாருங்கள்: நீலப் பட்டையிலுள்ள மணிகள் நூறு என்ற எண்ணாக மாறி நகரும், மைக்கூட்டுக்குள் இருக்கும் மணி செம்பு நிறத்திலிருந்து பச்சையாகும், ஒளிக்கு எதிரே பிடித்தால் வலப்பக்கத்தில், தாளின் உருவப்படத்தில் இருக்கும் பிராங்கிளினின் நீர்க்குறி தெரியும்.

ஏழாம் படி: சிறிது சிறிதாக மாற்றுதல்

மூன்று நான்கு நாள் செலவுக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். நாணயம் சரிந்துகொண்டிருக்கும் நாட்டில் கையிலுள்ள உள்ளூர் நோட்டு நாளுக்கு நாள் தேயும். எதிர்த்திசையிலும் திடீர் மாற்றம் வரும்: எகிப்தில் 2024 தொடக்கத்தில் டாலருக்குச் சந்தை விலை 70 பவுண்டை எட்டியிருந்தது, மார்ச் 6 அன்று அரசு நாணயத்தை மிதக்கவிட்டதும், அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்டதும், வங்கி விலை 31-க்குச் சற்றுக் குறைவான நிலையிலிருந்து 50-ஐ ஒட்டி ஏறியது, கள்ளச்சந்தையின் இலாபம் கரைந்தது. உஸ்பெகிஸ்தானில் 2017 செப்டம்பர் 5 அன்று அதிகாரபூர்வ விலை ஒரே நாளில் 4,200 சோம் அளவிலிருந்து 8,100 ஆனது. இத்தகைய நாளுக்குப் பிறகு வங்கியே நல்ல வழி. அதனால் ஒவ்வொரு முறை மாற்றும் முன்பும் இரண்டு விலைகளையும் புதிதாகப் பாருங்கள்.

எட்டாம் படி: புறப்படும் நாள்

உள்ளூர் நாணயத்தை டாலராகத் திரும்ப மாற்றுவதுதான் இந்நாடுகளில் மிகக் கடினம். வங்கி மறுக்கும், அல்லது அங்கே மாற்றியதற்கான ரசீதைக் கேட்கும். தெருவில் வாங்கினால் விற்ற விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எல்லையைக் கடந்துவிட்டால் அந்தத் தாளை வாங்க ஆள் கிடைப்பது அரிது. உள்ளூர் நாணயத்தை வெளியே கொண்டுசெல்வதையே தடைசெய்யும் நாடுகளும் உண்டு. கடைசி மூன்று நாள்களின் செலவை எழுதிக் கணக்கிட்டு அதற்கு மட்டும் மாற்றுங்கள். மிஞ்சுவது போல் தெரிந்தால் விடுதிக் கணக்கின் ஒரு பகுதியை அதில் கட்டிவிட்டு மீதியை அட்டையில் செலுத்துங்கள். விமான நிலையம் செல்லும் வண்டிக் கட்டணத்துக்கும் தண்ணீருக்கும் தேவையானதை வைத்துக்கொண்டு, வங்கி ரசீதுகளையும் சுங்கப் படிவ நகலையும் சோதனை முடியும் வரை கைப்பையில் எளிதில் எடுக்கும்படி வைத்திருங்கள்.